டபுள்யூ அண்ணாச்சி கடை திறந்துவிட்டார்

இந்தப் பூமியில் எத்தனையோ லட்சம் பேர் வெப்சைட் நடத்துகிறார்கள். அவர்களில் தினமும் காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கம்ப்யூட்டர் திரைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிவிட்டு வெப்சைட்டைத் திறந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கோவில்பட்டிக்காரர். புகை காட்டப்பட்டது என்னுடைய கம்ப்யூட்டருக்கு. இரண்டு வருஷத்தில் அது மூன்று முறை மூச்சடைத்து நின்றுபோனது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். டெலிபோன் வயர் வழியாக வருகிற இன்டர்நெட். ஒரு படம் முழுதாக இறங்குவதற்குள் கீழே போய் டீ குடித்து, டீக்கடைக்காரரோடு அரசியல் பேசி, சண்டையும் போட்டுவிட்டு வரலாம். பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள். பெரியவர்கள் வெளிநாட்டு மகனுக்கு மெயில் அடிக்க வருவார்கள். தினமும் ஒரே நேரத்துக்கு வந்து, ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, "இது என் கடை" என்று சொன்னவர் டபுள்யூ அண்ணாச்சி மட்டும்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது ரேஷன் கார்டோடு சரி. விசிட்டிங் கார்டு அடித்தபோது கதவு எண், தெரு, ஊர் எதுவும் போடாமல், மூன்று டபுள்யூவில் ஆரம்பிக்கிற ஒரு வரியை மட்டும் போட்டு நூறு கார்டு வாங்கி வந்தார். கல்யாண வீடு, கருமாதி வீடு என்ற பேதமில்லாமல் கொடுத்தார். கீழே டீக்கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூணு டபுள்யூவும் யாரு அண்ணாச்சி, உங்க பார்ட்னருங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே பெயர் மாறிவிட்டது.

அண்ணாச்சிக்குப் பூர்வீகம் கழுகுமலைப் பக்கம். ஆடு மேய்த்த குடும்பம். இவர் படித்து, கோவில்பட்டிக்கு வந்து, ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிற இடத்தில் மேஸ்திரியாகப் பத்து வருஷம் இருந்தார். கிளி, கத்தரிக்கோல், கப்பல், ரயில் எஞ்சின் என்று பழைய தீப்பெட்டி லேபிள்களை ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். இதையெல்லாம் ஆசைப்பட்டுச் சேகரிக்கிறவர்கள் வெளிநாட்டில் உண்டு என்று நான்தான் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன். ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணி ஒரு வெப்சைட் போட்டார். மூன்றாவது வாரம் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மெயில் வந்தது. "உங்கள் கிளி மிகவும் அபூர்வமானது" என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து, தன் ராஜினாமாக் கடிதத்தோடு குண்டூசியால் குத்தி, தீப்பெட்டி முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வருமானம் வருகிற விதம் இதுதான். பக்கத்தின் ஓரத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விளம்பரம் போடும். பார்க்க வருகிறவர்கள் அந்த விளம்பரத்தை அமுக்கினால் அண்ணாச்சிக்குச் சில காசு. நூறு டாலர் சேர்ந்தால் தபாலில் செக் வரும். இதற்காக அந்தக் கம்பெனியின் விதிமுறைகள் எல்லாவற்றையும் படித்துச் சம்மதித்ததாக ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். இங்கிலீஷில் ஏழெட்டுப் பக்கம் இருந்தது. படிக்காமல் டிக் அடித்துக் கொடுத்தவன் நான். இந்தப் பாவத்துக்கு அப்புறம் வருகிறேன்.

லேபிளுக்கு அடுத்து ஆடு. நாட்டு ஆடுகளைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வெப்சைட். ஒவ்வொரு ஆட்டுக்கும் படம், படத்துக்குக் கீழே இரண்டு வரி. "இந்த ஆடு நல்ல குணம். கெட்ட சகவாசம் கிடையாது. தாயாரும் நல்லவர்" என்பதை அப்படியே இங்கிலீஷ் ஆக்கியிருந்தார். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும். படம் எடுக்க ஒரு கிடாயைப் பஸ்ஸில் ஏற்றிப் போட்டோ ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்துவிட்டார். பின்னால் ஏரி, பனிமலை, இரண்டு அன்னப்பறவை வரைந்த திரை. முன்னால் கிடாய்.

"மூஞ்சியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் போட்டோகிராபர், வழக்கமான வாய்ப்பழக்கத்தில்.

"அது தூக்காது. நீரு குனியும்வே."

போட்டோகிராபர் குனிந்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் கிடாய் மிரண்டு ஏரிக்குள்ளேயே நுழைந்து பனிமலை வழியாக வெளியே வந்தது. போகிறபோது ஸ்டூல் மேலிருந்த காகிதப் பூங்கொத்தையும் தின்றுவிட்டது. புதுத் திரை வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஸ்டுடியோக்காரர் படத்தைக் கொடுத்தார்.

மூன்றாவது வெப்சைட்தான் மழை. எங்கள் கரிசல்காட்டில் ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. வானத்தைப் பார்த்து விதைக்கிற மானாவாரிப் பிழைப்பு. ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் அந்தப் புத்தி போகாது. துபாயில் இருந்தாலும் பம்பாயில் இருந்தாலும் போன் போட்டதும் முதல் கேள்வி, "மழை உண்டா?" என்பதுதான். பெண்டாட்டி பிள்ளை நலமெல்லாம் அடுத்துத்தான். இதைக் கவனித்த அண்ணாச்சி, கோவில்பட்டிச் சுற்று வட்டாரத்தில் இன்றைக்கு மழை உண்டா இல்லையா என்று சொல்வதற்கு மட்டும் ஒரு பக்கம் தொடங்கினார். உலகத்திலேயே மிகச் சின்ன வெப்சைட் அதுவாகத்தான் இருக்கும்.

அப்போதெல்லாம் இங்கே தமிழில் அடித்தால் அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் இரண்டு தாள் எடுத்து, கைப்பட ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஸ்கேன் பண்ணிக்கொண்டார். ஒன்றில் "இன்று மழை இல்லை". இன்னொன்றில் "இன்று மழை உண்டு". இரண்டாவது தாளுக்கு மட்டும் கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். கழுகுமலை வண்டி, பசுவந்தனை வண்டி, எட்டயபுரம் வண்டி என்று வருகிற கண்டக்டர்களிடம், "அங்கன பெஞ்சுதா?" என்று விசாரிப்பார். அப்புறம் மாடியேறி வந்து, தேதியை மாற்றி, முதல் தாளைப் போடுவார். மஞ்சள் தாளுக்கு மாதக்கணக்கில் வேலையே வரவில்லை.

துபாயிலிருந்து ஒருவர் மெயில் எழுதினார். "அண்ணாச்சி, தினமும் இல்லை இல்லைன்னு பாத்து மனசு வெறுத்துப் போச்சு. ஒருநாள் ஒரே ஒருநாள் உண்டுன்னு போடுங்க. பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கே பாவமாக இருந்தது. "போட்டுத்தான் விடுங்களேன் அண்ணாச்சி, யாருக்கு என்ன நட்டம்?" என்றேன்.

"பொய் மழையில எவன்வே விதைப்பான்?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்ற தாளையே போட்டார்.

வெப்சைட் என்பது இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்பவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று வெப்சைட்டிலும் "கடை அடைத்தாச்சு, காலையில் வரவும்" என்று இங்கிலீஷில் ஒரு பக்கத்தைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"அண்ணாச்சி, அமெரிக்காவுல இப்பத்தான் விடியுது."

"விடியட்டுமே. அவன் முழிச்சான்னு நான் தூங்காம இருக்க முடியுமா? வேணும்ங்கிறவன் காத்திருந்து வாங்குவான்."

ஆச்சரியம் என்னவென்றால், காத்திருந்தார்கள்.

கடை என்றால் போணி வேண்டுமே. எங்கள் ஊரில் முதல் வியாபாரம் யார் கையால் நடக்கிறது என்பதில் அன்றைய நாளே அடங்கியிருக்கிறது. மார்க்கெட்டில் ஒரு கீரைக்காரம்மா இருந்தார். கைராசிக்காரர். அவர் வந்து ஒரு தீப்பெட்டியாவது வாங்கினால்தான் சில கடைகளில் கல்லாவைத் திறப்பார்கள். அண்ணாச்சி அவரிடம் போய்ப் பேசி, தினமும் ஒன்பது மணிக்கு என் சென்டருக்கு வரவழைத்தார். கீரைக்கூடையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மவுஸைப் பிடித்து விளம்பரத்தில் ஒரே ஒரு அமுக்கு அமுக்குவார். "ஓடட்டும்யா" என்பார். போய்விடுவார். அந்த அம்மா கடைசி வரைக்கும் தான் அமுக்கியது ஏதோ எலெக்ட்ரிக் சுவிட்ச் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் செக் வந்த நாளை மறக்க முடியாது. அண்ணாச்சி கவரைப் பிரிக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு செக்கை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார். பேங்குக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். எங்கள் ஊரில் மதிப்பான காகிதம் எது கிடைத்தாலும் முதலில் செய்கிற காரியத்தை அவரும் செய்திருந்தார். செக்கை லேமினேஷன் பண்ணியிருந்தார்.

பேங்க்காரர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்தாராம். "அண்ணாச்சி, இது நனையாது, கிழியாது, நூறு வருஷம் இருக்கும். ஆனா செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி அதைக் கொண்டுவந்து என் சென்டர் சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அடுத்தடுத்து வந்த செக்குகளை மடங்காமல் கொண்டுபோய் மாற்றிக்கொண்டார். மேஸ்திரிச் சம்பளத்துக்குக் குறைவில்லாமல் வந்தது. அப்போதுதான் அவருக்குப் பெண் பார்க்கலாம் என்று வீட்டில் ஆரம்பித்தார்கள்.

முப்பத்தைந்து வயது, கெட்ட பழக்கம் இல்லை, தாயாரும் நல்லவர். ஆட்டுக்கு எழுதியது அத்தனையும் அவருக்கும் பொருந்தும். இருந்தும் மூன்று இடம் தட்டிப்போனது. எல்லா இடத்திலும் ஒரே கேள்வியில்தான் முட்டியது. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்? தரகர் முதல் இடத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்றார், இரண்டாவதில் லேபிள் ஏஜென்சி என்றார், மூன்றாவதில் வானிலை ஆபீஸில் உத்தியோகம் என்றார். மூன்று பொய்யையும் அண்ணாச்சியே எழுந்து நின்று மறுத்துவிட்டார்.

நாலாவது இடம் பசுவந்தனை. பெண் டைப்ரைட்டிங் முடித்தவர், இருபத்தொன்பது வயது. அப்பா மானாவாரி விவசாயி. அண்ணாச்சி போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்று மூன்று வெப்சைட்டையும் திறக்க மறந்துவிட்டார். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்து, பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்க என் சென்டருக்கே வந்தார். நெடுநெடுவென்று உயரம், தோளில் துண்டு, அக்குளில் குடை. உட்காரச் சொன்னேன். கடலைமிட்டாயும் கலர் சோடாவும் வாங்கி வைத்தேன். அவர் கடலைமிட்டாயைக் கையில் எடுத்தார், மரியாதைக்குக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், மானிட்டர் மேல் வைத்துவிட்டார். சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது.

"கடை எங்கன இருக்கு?"

"இந்தா, இதுக்குள்ள இருக்கு ஐயா" என்று அண்ணாச்சி திரையைக் காட்டினார்.

"சொந்த இடமா, வாடகையா?"

"வாடகை. வருஷத்துக்கு ஒருக்கக் கட்டுதேன்."

"எவன் இடம்?"

"அமெரிக்காக்காரன் இடம்."

"சரக்கு?"

"சரக்கு ஒண்ணும் கிடையாது. விளம்பரத்தை அமுக்குனா காசு."

"அதைக் குடுக்கது யாரு?"

"அதும் வெளிநாட்டுக் கம்பெனிதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் முருகன் படத்தைப் பார்த்தேன். "அவன் நாளைக்குக் குடுக்க மாட்டேன்னு சொன்னா, யார்ட்டப் போயிக் கேப்பீங்க?" என்றார். அந்தக் கேள்வி எனக்கோ அண்ணாச்சிக்கோ அதுவரை தோன்றியதே இல்லை. கடைசியில், "சரி, யாவாரம் நடக்கதைக் கண்ணால பாக்கணும். ஞாயித்துக்கிழமை வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

விஷயம் கழுகுமலைக்குப் போனது. புதுக்கடையைப் பெண் வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்றால் மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு சாமான் வாங்கிக் கடையைக் களைகட்ட வைப்பது முறையல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் மாடிப்படியில் வரிசை தெருவரைக்கும் நின்றது. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமன், மச்சான், கொழுந்தியாள் என்று நாற்பது ஐம்பது பேர். பட்டுச்சேலையும் சலவை வேட்டியுமாக, கீரைக்காரம்மா தலைமையில் போணிக்கு வந்திருந்தார்கள். நாலு கம்ப்யூட்டரிலும் ஆளுக்கொரு அமுக்கு. பிரியம் அதிகமானவர்கள் ஐந்தாறு அமுக்கு. ஒரு பெரியப்பா மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அமுக்கினார். ஒரு அத்தை, "எம் பேர்ல ஒண்ணு, அவிய பேர்ல ஒண்ணு, பிள்ளைய பேர்ல மூணு" என்று எண்ணி எண்ணி அமுக்கினார்.

வந்து நின்ற பசுவந்தனைக்காரர் அசந்துபோனார். பஸ் ஸ்டாண்டு பலகாரக் கடையில்கூட இந்தக் கூட்டம் இல்லை என்றார். ஆனாலும் கடலைமிட்டாயை எடுக்கவில்லை. "யாவாரம் மோசமில்ல. வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்றார். எனக்கும் அன்றைக்கு நல்ல வசூல், நாலு கம்ப்யூட்டருக்கும் சாயங்காலம் வரைக்கும் வாடகை. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் மெயில் வந்தது. அண்ணாச்சியின் பக்கத்தில் முறையற்ற அமுக்கல்கள் நடந்திருக்கின்றன, ஆகவே கணக்கு மூடப்படுகிறது, சேர்ந்திருக்கும் பணமும் கிடையாது என்று கம்பெனி எழுதியிருந்தது. சொந்தக்காரர்களை வைத்து அமுக்கக் கூடாது என்பது அந்த ஏழெட்டுப் பக்கத்தில் முதல் பக்கத்திலேயே இருந்ததாம். நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்குமுன் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"முறையில்லாமலா? அம்புட்டுப் பேரும் எனக்கு முறை உள்ளவங்கல்லாவே."

உட்கார்ந்து பதில் எழுதினார். நான் தடுக்கத் தடுக்க எழுதினார். "மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பக்கத்தில் போணி என்று ஒரு வழக்கம் உண்டு. அன்று அமுக்கிய எல்லோரும் என் நெருங்கிய உறவினர்கள், வெளியாள் ஒருவர்கூட இல்லை என்று உறுதி கூறுகிறேன்." கம்பெனிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் இத்துடன் தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. "அண்ணாச்சி, பசுவந்தனைக்கு இது தெரிய வேண்டாம். நிச்சயம் முடியட்டும். அதுக்குள்ள வேற கம்பெனி பாத்துக்கிடலாம்."

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு, "மழை இல்லாத அன்னிக்கு உண்டுன்னு போட்டிருக்கனா வே?" என்று கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். விதிமுறையில் டிக் அடித்த பாவி நான்தானே, கூடவே போனேன்.

பசுவந்தனையில் பெண் வீட்டு முற்றத்தில் நின்றபடியே அண்ணாச்சி எல்லாவற்றையும் சொன்னார். சொந்தக்காரர்கள்தான் அமுக்கியது, கம்பெனி கணக்கை மூடிவிட்டது, இனிமேல் இப்போதைக்கு ஒரு பைசா வரும்படி கிடையாது. பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்து சொன்னதுக்குச் சந்தோசம். போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்த பெண் நிலைப்படியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மழை எழுதுதீங்களே, அதையும் நிப்பாட்டிருவீங்களா?"

"இல்ல" என்றார் அண்ணாச்சி. பெண் உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சாம்பிராணி கிடையாது. போணி கிடையாது. கீரைக்காரம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சுவிட்சு சரியாயிட்டாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஆனால் தினமும் கண்டக்டர்களை விசாரிப்பதும், தேதி மாற்றுவதும், மழை இல்லை என்று போடுவதும் மட்டும் நிற்கவில்லை. காசு வராத பக்கத்துக்கு எதற்கு இந்தப் பாடு என்று நானே எரிச்சலாகக் கேட்டிருக்கிறேன். "பாக்கவன் பாத்துக்கிட்டுத்தான இருக்கான்" என்பார்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் தெற்கே கருத்தது. வாசம் முதலில் வந்தது, மழை பிறகு வந்தது. தெருவே வாசலில் வந்து நின்றது. அண்ணாச்சி மாடியேறி ஓடி வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மஞ்சள் தாளின் படத்தை எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கூடவே டெலிபோனும் செத்தது.

இதை நாங்கள் இருவரும் யோசித்ததே இல்லை. எங்கள் ஊரில் மழை பெய்தால் கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லாமல் மழையை எழுத முடியாது. மாதக்கணக்கில் இல்லை இல்லை என்று விடாமல் போட்டவருக்கு, உண்டு என்று போடுகிற அன்று வழியில்லை.

"நாளைக்குப் போட்டா என்ன அண்ணாச்சி?"

"நாளைக்குப் போட்டா அது நேத்து மழைவே."

நல்லவேளையாக அந்தப் படம் ஒரு பிளாப்பியிலும் இருந்தது. அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையைச் சட்டைக்குள் செருகி, நனைந்துகொண்டே சாத்தூர் பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறினேன். பஸ் முழுக்கச் சிரித்த முகம். பாதி வழியிலேயே மழை விட்டுவிட்டது. சாத்தூரில் ஒரு துளி இல்லை, அதனால் கரண்ட் இருந்தது. அங்கிருந்த பிரவுசிங் சென்டரில் சொட்டச் சொட்ட நின்ற எங்களை உள்ளே விட மறுத்தார்கள். அண்ணாச்சி வேட்டியைப் பிழிந்துவிட்டு மறுபடி கேட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, நாலு மூலையிலும் மஞ்சளோடு, "இன்று மழை உண்டு" என்று போட்டோம். போட்டுவிட்டு அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும்தான். தலையிலிருந்து வடிகிறது என்று இரண்டு பேரும் துடைத்துக்கொண்டோம்.

எட்டு நாள் கழித்து, என் மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம். பசுவந்தனைக்காரர். காலில் கரிசல் மண் காய்ந்து அப்பியிருந்தது. உளுந்து விதைத்த கையோடு வந்திருக்கிறார்.

"எம் மகன் கத்தார்ல இருக்கான். அன்னிக்குச் சாயந்தரம் போன் போட்டான். யப்பா, நம்மூர்ல மழையாம்லா, ஓடைக்காட்டுல உடனே விதைச்சிருங்கன்னு சொல்லுதான். ஏலே, அங்கன பெஞ்சது எனக்கே இப்பத்தான் தெரியும், உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். மழை எழுதுதவரு போட்டுட்டாருன்னான். ரூம்ல எட்டுப் பேராம். தினமும் மத்தியான இடைவேளையில ஒருத்தன் போயிப் பாத்துட்டு வந்து மத்தவனுக்குச் சொல்லுவானாம். அன்னிக்கு எட்டுப் பேரும் பாயாசம் வச்சுக் குடிச்சிருக்கானுவ."

அண்ணாச்சி எழுந்து நின்றார். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க களத்துச் சுவத்துல சிமெண்டுக்காரன் விளம்பரம் எழுதிட்டு வருசா வருசம் வாடகை குடுக்கான். நாலு மாட்டு வண்டி போற பாதை அது. நீங்க கடல் தாண்டி அம்புட்டுப் பேரு தினமும் பாக்குத சுவத்தைக் கையில வச்சுக்கிட்டு, ஓரத்துல எவனோ முகம் தெரியாதவன் எழுதுனான்னு இருந்திருக்கீங்க. நம்மூர்ல விதைக்கடை இல்லையா? ஜவுளிக்கடை இல்லையா? நான் முப்பது வருசமா விதை வாங்குத கடையில நேத்துப் பேசிட்டேன். தீவாளியில இருந்து பொங்கல் வரைக்கும் எழுதிக்கிடுதேன்னு சொல்லிட்டாரு. வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புதவன் பாக்குத இடத்துல எவன் எழுதாம இருப்பான்?"

ஏழெட்டுப் பக்க இங்கிலீஷில் இல்லாத விஷயம் அது. விளம்பரத் தொழிலைப் பற்றி அதைவிடத் தெளிவாக இன்றுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

பேசி முடித்துவிட்டுப் பெரியவர் சுற்றும்முற்றும் பார்த்தார். "அன்னிக்கு ஒரு கடலைமிட்டாய் வச்சனே, எங்க?" என்றார். பழசை எறும்பு தின்று எத்தனையோ நாளாயிற்று. நான் நாலே எட்டில் கீழே ஓடிப் புதிதாக வாங்கி வந்தேன். அவர் கவரைப் பிரித்து, ஒரு கடி கடித்து, நிதானமாக மென்றார். அந்தச் சத்தத்தை நானும் அண்ணாச்சியும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"தண்ணி குடுங்க மாப்பிள்ளை" என்றார்.

தை மாதம் கல்யாணம். பந்தலில் லேமினேஷன் செக்கையும் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். விதைக்கடைக்குப் பிறகு ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று சுவர் நிறைந்துவிட்டது. இன்றைக்கும் அண்ணாச்சி குடும்பம் அந்தச் சுவரில்தான் நடக்கிறது. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்விக்கும் மாமனார் விடை கண்டுபிடித்துவிட்டார். யார் கேட்டாலும், "எங்க மாப்பிள்ளை மழை எழுதுதாரு" என்பார். இதில் ஒரு தொல்லை வந்தது. அண்ணாச்சி மாமனார் வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் ஊர்க்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். "என்ன மாப்பிள்ளை, ஐப்பசி பாதி போயிட்டு, இன்னும் போடாம இருக்கீங்களே" என்று கேட்பார்கள். அவரும் குற்றவாளி மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வாரம் போட்டுருதேன்" என்று சொல்லிவிட்டு வருவார். மனைவி டைப் அடிக்க உட்கார்ந்த பிறகு ஆடுகளின் இங்கிலீஷும் திருந்திவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என் சென்டரை மூடிவிட்டு நான் சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மழை பெய்யுமா என்று சொல்ல இன்றைக்குக் கையிலிருக்கிற போனே போதும். இருந்தாலும் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன். அதே கோணல் எழுத்து, அதே ஸ்கெட்ச் பேனா, "இன்று மழை இல்லை". எனக்கு அங்கே ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது. நான் பார்ப்பது மேலே இருக்கிற தேதியை. அது இன்றைய தேதி என்றால் அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, கடை திறந்துவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எனக்குக் காபி இறங்குகிறது.